பட்டினி போடாமல் இளைக்க வைத்த ஒன்பது மாதங்கள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னுக்குக் கிழக்கே உள்ள கிப்ஸ்லாந்து பகுதியில் ஐந்து ஏக்கர் நிலத்தோடு நாங்கள் வீடு வாங்கியபோது, விற்றவர்கள் தாங்கள் குடிபோகும் இடத்தில் வைத்துக்கொள்ள வசதியில்லை என்று சொல்லி, ஒரு மினியேச்சர் குதிரையையும் இரண்டு செம்மறி ஆடுகளையும் எங்களிடமே விட்டுச் சென்றார்கள். குதிரையின் பெயர் பட்டன். அதற்கு வயது பதினான்கு. நான்கு காலில் நிற்கும்போது தோள்மேட்டின் உயரம் 82 சென்டிமீட்டர். என் இடுப்புக்குக்கூட வராது. குதிரை வளர்த்த அனுபவம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. புல் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, இந்தச் சின்ன உயிருக்கு வேறென்ன வேண்டும் என்றுதான் முதல் ஆறு மாதங்கள் நினைத்திருந்தேன்.

அந்தப் புல்லே பிரச்சினை என்பது எனக்கு அப்போது தெரியாது. கிப்ஸ்லாந்து பால்பண்ணை நாடு. இங்குள்ள மேய்ச்சல் நிலங்களில் ரைகிராஸ் புல்லையும் வெள்ளைக் குளோவரையும் விதைத்து, சூப்பர் பாஸ்பேட் போட்டுத் தலைமுறைகளாக வளப்படுத்தியிருக்கிறார்கள். நாள்தோறும் இருபது, முப்பது லிட்டர் பால் கறக்கும் மாட்டுக்கான தீவனம் அது. மினியேச்சர் குதிரைகளின் முன்னோரில் முக்கியமானவை ஷெட்லாந்து மட்டக்குதிரைகள். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, காற்று ஓயாத தீவுகளில், ஹெதர் புதர்களையும் குளிர்காலத்தில் கடற்கரையில் ஒதுங்கும் பாசியையும் தின்று பிழைத்த இனம் அது. கிடைத்த கொஞ்சத்தில் உயிரைப் பிடித்து வைத்துக்கொள்ளவும், மிஞ்சியதைக் கொழுப்பாகச் சேமிக்கவும் பழகிய உடலைக் கறவை மாட்டின் புல்வெளியில் அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பட்டனின் உடம்பே சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் படிக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

குளிர்காலத்தில் மினியேச்சர் குதிரையின் ரோமம் கரடிக்குட்டியைப் போல அடர்ந்து விடுகிறது. அதற்குள் விலா எலும்பு இருக்கிறதா, கொழுப்பு இருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. கையால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் மாதத்தில் குளம்பு திருத்த வந்தவர் எனக்கு ஒரு எளிய சோதனையைக் கற்றுத் தந்தார். கையை மூடி முஷ்டியாக்கி, மறுகையின் விரல்களால் கணுக்களின் மேல் தடவிப் பாருங்கள். குதிரையின் விலா அப்படி இருந்தால் அது மெலிந்திருக்கிறது. கையை விரித்துப் புறங்கையைத் தடவிப் பாருங்கள். மெல்லிய தோலுக்கு அடியில் எலும்பு தட்டுப்படும், விலா அப்படித்தான் இருக்க வேண்டும். உள்ளங்கையின் சதைப்பகுதியைப் போல அமுங்கினால் குதிரை கொழுத்திருக்கிறது. பட்டனின் விலாவில் நான் கை வைத்தபோது உள்ளங்கையைவிடவும் மெத்தென்று இருந்தது. அழுத்திப் பார்த்தும் எலும்பு எங்கே என்று தெரியவில்லை. கழுத்தின் மேல்விளிம்பில், பிடரி மயிருக்கு அடியில், என் மணிக்கட்டின் பருமனுக்கு ஒரு கொழுப்புத் திரட்சி இறுகி நின்றது. வால் தொடங்கும் இடத்தின் இருபுறமும் மேடு, முதுகின் நடுவில் வாய்க்கால் போல ஒரு பள்ளம். குதிரைகளின் உடல்நிலையை 1 முதல் 9 வரை மதிப்பிடும் ஹென்னெக் அளவீட்டில் 5 என்பது சீரான நிலை. பட்டன் 8-க்கும் 9-க்கும் இடையில் இருந்தது.

அடுத்து நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனெனில் இதைத்தான் எல்லோரும் முதலில் செய்யத் தோன்றுகிறது. குதிரைகளோடு நெடுநாள் பழகிய ஒருவர், “ஓரிரு நாள் கொட்டிலில் அடைத்து, தண்ணீர் மட்டும் வையுங்கள், தானாக இளைக்கும்” என்றார். நான் நம்பினேன். மேய்ச்சலில் இருந்த குதிரையை ஒரே நாளில் அடைத்து, ஒரு கைப்பிடி காய்ந்த புல்லைத் தவிர எதுவும் கொடுக்காமல் ஒன்றரை நாள் வைத்திருந்தேன். இரண்டாம் நாள் மாலையில் மனம் கேட்காமல் ஒரு கட்டுப் புல்லை எடுத்துச் சென்றபோது பட்டன் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தலையைத் தொங்கவிட்டு மூலையைப் பார்த்து நின்றது. பசித்த விலங்கு உணவை வேண்டாம் என்றது எனக்குப் பயமாக இருந்தது.

அன்றிரவே கால்நடை மருத்துவர் வந்தார். கழுத்தில் இரத்தம் எடுத்து, குழாயைச் சற்று நேரம் நிற்க வைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் எனக்குக் காட்டினார். சிவப்பணுக்கள் கீழே இறங்க, மேலே தெளிந்த மஞ்சள் நீராக நிற்க வேண்டிய பகுதி, கழுநீர் போல வெளுத்துக் கலங்கியிருந்தது. அது முழுவதும் கொழுப்பு. மட்டக்குதிரை, மினியேச்சர் குதிரை, கழுதை ஆகியவற்றுக்கு, அதிலும் உடல் பருத்தவற்றுக்கு, திடீரென்று உணவு நின்றால் உடல் தன் கொழுப்பைக் கட்டுப்பாடில்லாமல் இரத்தத்தில் அவிழ்த்துவிடுகிறது. அந்தக் கொழுப்பு கல்லீரலில் போய் அடைகிறது. கல்லீரல் சோர்ந்ததும் பசி அறவே போகிறது. பசி போனதும் இன்னும் கொழுப்பு அவிழ்கிறது. ஹைப்பர்லிபீமியா எனப்படும் இந்த நிலையில், ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் டிரைகிளிசரைடு 500 மில்லிகிராமைத் தாண்டிவிடும். நேரத்தோடு கவனிக்காத பல விலங்குகள் இறந்துவிடுகின்றன. பட்டனுக்கு மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி நீராகாரம் கொடுத்தார்கள், நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் அது தானாக ஒரு வாய் புல்லைக் கடித்தபோது நான் கொட்டில் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மருத்துவர் அப்போது சொன்னதுதான் அடுத்த ஒன்பது மாதங்களுக்கும் எங்கள் வழிகாட்டி. கொழுப்பு இந்தக் குதிரையை மெல்ல நோயாளியாக்கும். பட்டினியோ சில நாட்களிலேயே கொன்றுவிடும். ஆகவே உணவை நிறுத்துவதைப் பற்றி யோசிக்காதீர்கள், உணவைத் தராசில் நிறுத்துப் போடக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார்.

முதலில் என்ன நோய் இருக்கிறது என்று பார்த்தார்கள். பருத்த குதிரைகளில் பலவற்றுக்கு இன்சுலின் இரத்தத்தில் அளவுக்கு மீறி நிற்கிறது. குளம்பின் உள்சுவரையும் அதனுள் இருக்கும் எலும்பையும் பிணைத்து வைக்கும் நுண்ணிய அடுக்குகளை அந்த இன்சுலினே சிதைத்துவிடுகிறது. அதுதான் லேமினைட்டிஸ் என்னும் குளம்பு அழற்சி. அடுக்குகள் விட்டுப்போனால் உடலின் பாரம் தாங்காமல் எலும்பு குளம்புக்குள்ளேயே சாய்ந்துவிடும். பட்டனுக்கு இன்சுலின் உயர்ந்திருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு சாயவில்லை என்று தெரிந்தது. வயது பதினான்கு ஆனதால் பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறு இருக்கிறதா என்றும் ஏசிடிஎச் என்னும் ஹார்மோனின் அளவைப் பார்த்தார்கள், அது சரியாகவே இருந்தது. பற்களைப் பார்க்கச் சொன்னதன் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. மினியேச்சர் குதிரையின் மண்டை சிறுத்ததே ஒழிய, பற்கள் அந்த அளவுக்குச் சிறுக்கவில்லை; நெருக்கியடித்து முளைத்த பல்லில் முனைகள் கூராக நீண்டுவிட்டால் அது புல்லை மெல்லாமல் விழுங்கும். முரட்டுப் புல்லைத் தரத் தொடங்குமுன் அந்த முனைகளை அரவி எடுத்தார்கள்.

எடையைத் தெரிந்துகொள்வது எனக்கு எளிதாக அமைந்தது. பெரிய குதிரை வைத்திருப்பவர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு: இந்தக் குதிரை மருத்துவமனையில் பெரிய நாய்களை நிறுத்தும் தராசின் மேலேயே ஏறி நின்றுவிடும். 2022 செப்டம்பரில் பட்டனின் எடை 128 கிலோ. இருக்க வேண்டியது சுமார் 104 கிலோ என்று மருத்துவர் கணித்தார். வீட்டில் தையல் அளவுநாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால், தோள்மேட்டைச் சுற்றி மார்பு அளவு. வயிற்றின் மிகப் பருத்த இடத்தில் ஓர் அளவு. கழுத்தின் நடுவில் ஓர் அளவு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை முதல் தீனிக்கு முன், அதே ஆள், அதே தரையில் நிறுத்தி அளக்க வேண்டும். முதல் நாள் மார்பு 118 சென்டிமீட்டர். பெரிய குதிரைகளுக்கென்று எடைக்கணக்கு அச்சிட்ட நாடாக்கள் மினியேச்சர் குதிரைக்குச் சரியாக வராது. ஆனால் வாரத்துக்கு வாரம் அளவு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை எந்த நாடாவும் காட்டிவிடும்.

அடுத்தது தீவனக் கணக்கு. உடல் தேறியதும் முதல் இரண்டு வாரங்களுக்கு எடையில் 2 சதவீதம், அதன் பிறகு 1.5 சதவீதம், அதையும் ஈரம் நீக்கிய உலர் எடையாகக் கொள்ள வேண்டும். 128 கிலோவில் 1.5 சதவீதம் 1.92 கிலோ. காய்ந்த புல்லிலும் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு ஈரம் இருப்பதால், தராசில் நிறுத்தால் சுமார் 2.2 கிலோ வர வேண்டும். இதைப் படிப்பவர் யாராவது கண்ணளவில் போடலாம் என்று நினைத்தால் தயவுசெய்து ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். நான் இரண்டு கிலோ என்று நினைத்து அள்ளியது மூன்றரைக் கிலோ இருந்தது. சென்னைக்குப் புறப்படும்போது பெட்டி எடையைப் பார்க்க வைத்திருந்த கைத்தராசுதான் அன்று முதல் கொட்டிலில் தொங்குகிறது.

அந்த 2.2 கிலோவை ஒரே தடவையாகப் போட்டால் சில மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். குதிரையின் இரைப்பை இருபத்துநான்கு மணி நேரமும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கிறது. வயிறு நெடுநேரம் காலியாகக் கிடந்தால் புண் வரும், வேலியின் கட்டையைக் கடிக்கவும் மண்ணை நக்கவும் தொடங்கும், மண் உள்ளே போனால் குடல்வலி வரும். ஆகவே ஐந்து பங்குகளாகப் பிரித்து வலைப்பைகளில் போட்டேன். கண்கள் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இல்லாத வலையில் உதட்டால் ஒவ்வொரு இழையாக உருவித்தான் தின்ன முடியும். காலை ஆறு, பதினொன்று, மாலை நான்கு, இரவு எட்டு. எட்டு மணிக்கு மட்டும் இரண்டு பங்கைச் சேர்த்து, ஒரு வலையை இன்னொரு வலைக்குள் போட்டு எட்டத் தொங்கவிட்டேன். வயிறு காலியாகக் கிடக்கும் எந்த இடைவெளியும் ஆறு மணி நேரத்தைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்வதுதான் நோக்கம். லாடம் இல்லாத குதிரையானாலும் முன்னங்கால் வலையில் சிக்காத உயரம் வேண்டும். மினியேச்சர் குதிரைக்கு இந்த உயரத்தைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

புல்லை ஊற வைத்துக் கொடுத்தால் அதிலுள்ள சர்க்கரையில் ஒரு பகுதி தண்ணீரில் கரைந்து போகிறது. நிறுத்த பிறகே ஊற வைக்க வேண்டும். பழைய குளியல் தொட்டி ஒன்றை வெளியே போட்டு, வலையோடு முக்கி ஒரு மணி நேரம் வைப்பேன். எடுக்கும்போது தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். அந்தத் தண்ணீரைக் குதிரை குடித்துவிடாத இடத்தில் கொட்ட வேண்டும். வெயில் காலத்தில் இரவு முழுவதும் ஊறப்போட்டால் புளித்துக் கெட்டுவிடும். ஊறிய புல்லில் தாதுச்சத்தும் குறைவதால், செம்பு, துத்தநாகம், வைட்டமின் ஈ, லைசின் ஆகியவை சேர்ந்த பேலன்சர் தூளைச் சிறிதளவு ஈரமான பதரில் கலந்து தினமும் கொடுத்தோம், உப்பும் சேர்த்து. எங்களுக்கு இதில் ஒரு தனிக் கவலை இருந்தது. குதிரைக்கு அவசியமான அந்தச் செம்பு, செம்மறி ஆட்டின் கல்லீரலில் தேங்கி அதற்கு நஞ்சாகும். ஆடுகளைத் துணையாக வைத்திருப்பவர்கள் குதிரையின் தொட்டியை ஒருபோதும் திறந்து வைத்துவிட்டுப் போகக் கூடாது. ஆடுகளைப் பிரிக்கவும் முடியாது. தனியாக நிற்கும் குதிரை நடக்காது, சாப்பிடாது. எனவே கம்பிவேலிக்கு அப்பால் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்படி வைத்தோம்.

மேய்ச்சலை அடியோடு நிறுத்தினோம். தினம் மூன்று மணி நேரம் மட்டும் மேயவிட்டால் போதாதா என்று கேட்டேன். மட்டக்குதிரை புத்திசாலி, மூன்று மணி நேரம்தான் என்று பழகிவிட்டால் தலை நிமிராமல் மேய்ந்து அந்த நேரத்துக்குள்ளேயே ஒரு நாளைக்கானதில் பெரும்பங்கைத் தின்றுவிடும் என்றார் மருத்துவர். நிலத்தின் ஓரமாக, வேலிக்கும், மின்சாரம் பாயும் தடுப்பு நாடாவான மின்நாடாவுக்கும் இடையில் மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு சுற்றுப்பாதை அமைத்து, புல்லைச் சுரண்டிச் சரளை கொட்டி, தண்ணீரை ஒரு முனையிலும் வலைகளை மறுமுனையிலும் வைத்தோம். தாகத்துக்கும் பசிக்கும் நடந்தே தீர வேண்டிய ஏற்பாடு அது. நான்காம் மாதத்தில், இன்சுலின் இறங்கிய பிறகு, வாய்க்கூடு போட்டுச் சிறிது நேரம் புல்வெளியில் விட்டோம். களத்தில் போரடிக்கும் மாட்டுக்கு வாயில் கட்டும் கூடு போன்றதுதான் இது. அடியில் உள்ள துளை வழியாகப் புல் நுனியை மட்டும் கடிக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். முதல் நாளே கட்டிவிட்டுப் போய்விடக் கூடாது. துளை வழியாக ஒவ்வொரு புல்லாக நீட்டி, அதன் வழியே தின்னலாம் என்பதை அதற்குப் புரிய வைக்க வேண்டும். தாடைக்கு அடியில் தேய்ந்து புண்ணாகிறதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும்.

மேயவிடும் நேரமும் முக்கியம். பகல் வெயிலில் புல் சர்க்கரையைத் தயாரித்து, இரவில் வளர்ச்சிக்குச் செலவிடுகிறது. ஆகவே விடியலில் சர்க்கரை குறைவு, மாலையில் அதிகம். ஆனால் இரவு வெப்பநிலை ஐந்து டிகிரிக்குக் கீழே போனால் புல் வளராது, முந்தைய நாளின் சர்க்கரை அப்படியே நிற்கும். உறைபனி படர்ந்த காலையில் புல்வெளி பார்க்க அழகாக இருக்கும். பட்டனுக்கு அதைவிட ஆபத்தான நேரம் கிடையாது.

அக்டோபரில் அம்மா தஞ்சாவூரிலிருந்து மூன்று மாதங்கள் தங்க வந்தார். மாட்டுக்குக் கழுநீரும் வாழைப்பழத் தோலும் கொடுத்தே பழகிய கை. கொட்டிலின் பக்கம் போகும்போதெல்லாம் முந்தானையில் எதையாவது முடிந்து கொண்டுபோவார். ஒருநாள் அவர் கையில் வெல்லக் கட்டி இருந்ததைப் பார்த்துவிட்டேன்.

“வாயில்லா ஜீவன்டி. என் கையையே பார்த்துக்கிட்டு நிக்குது. ஒரு துண்டு குடுத்தா என்ன குறைஞ்சு போயிடும்?”

“அம்மா, அதுக்கு இது வெல்லம் இல்லம்மா, விஷம். கால் போயிடும்மா.”

நான் அவர் கையைப் பிடித்து, பட்டனின் முன்னங்கால் மூட்டுக்குப் பின்னால், குளம்புக்குச் சற்று மேலே, இருபுறமும் இரண்டு விரலை வைத்துக் காட்டினேன். நலமாக இருக்கும் குதிரைக்கு அந்த இடத்தில் நாடி தேடினால்தான் கிடைக்கும். விம்மி அடித்தால், குளம்பு சூடாக இருந்தால், முன்னங்காலை நீட்டிப் பின்னுக்குச் சாய்ந்து நின்றால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். அன்று நாடி மெல்லியதாகத்தான் இருந்தது. ஆனாலும் அம்மா அதற்குப் பிறகு வெல்லம் கொண்டுபோகவில்லை. பாசத்தைக் காட்ட வேறு வழி வேண்டும் அல்லவா என்று, ஒரு முரட்டுத் தூரிகையை எடுத்துத் தினமும் அரைமணி நேரம் பிடரியின் அடிப்பக்கத்தைத் தேய்த்துவிட்டார். பட்டன் மேலுதட்டை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். அந்தத் தேய்ப்பில் கொத்துக் கொத்தாக உதிர்ந்த குளிர்கால ரோமத்துக்கு அடியில், டிசம்பர் தொடக்கத்தில், முதல் விலா எலும்பு அம்மாவின் விரலுக்குத்தான் தட்டுப்பட்டது. வளர்ப்பு விலங்கை இளைக்க வைக்கும் வீட்டில் எல்லோரையும் ஒரே நோக்கத்துக்குக் கொண்டுவருவதுதான் கடினமான வேலை என்று நான் நினைக்கிறேன். வேண்டாம் என்று தடுப்பதைவிட, செய்வதற்கு ஒரு வேலையைத் தந்தால் அது எளிதாகிறது.

வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் குறைவதே பாதுகாப்பான வேகம். பட்டனுக்கு அது ஏறக்குறைய 600 கிராம் முதல் 1.2 கிலோ வரை. டிசம்பர் நடுவில் எடை 119 கிலோவுக்கு வந்தது. பிறகு ஐந்து வாரங்கள் அசையவேயில்லை. தீவனத்தை இன்னும் குறைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தை மருத்துவர் அனுமதிக்கவில்லை. காரணத்தைத் தேடியபோது கட்டுகளில் கிடைத்தது. நவம்பர் இறுதியில் பழைய புல் தீர்ந்து, இந்தப் பகுதியில் எளிதில் கிடைக்கும் ஓட்ஸ் தட்டைக் கட்டுகளை வாங்கியிருந்தேன். மஞ்சளாக, மொரமொரவென்று, சத்தற்றது போலத் தெரிந்த அந்தத் தட்டையின் தண்டில், பால் பிடிக்கும் பருவத்தில் அறுத்த சர்க்கரை அப்படியே இருந்தது. ஆய்வகத்துக்கு ஒரு மாதிரியை அனுப்பியதில், சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து 22 சதவீதம் என்று வந்தது. எங்களுக்கு வேண்டியது 10 சதவீதத்தை ஒட்டி. முற்றிய நாட்டுப் புல் கட்டுகளுக்கு, ஒரு வாரம் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றியதும் எடை மீண்டும் இறங்கத் தொடங்கியது. நிறத்தையும் மணத்தையும் பார்த்துப் புல்லின் சர்க்கரையைச் சொல்ல முடியாது.

அதே சமயத்தில் நடைப்பயிற்சியும் சேர்ந்தது. குளம்பில் வலி இருக்கும் குதிரையை நடக்கவைப்பது கொடுமை. எக்ஸ்ரேயை மறுபடி பார்த்து, குளம்பு திருத்துபவரும் சரி என்ற பிறகே தொடங்கினோம். மெத்தென்ற தரையில் பத்து நிமிடம், பிறகு மெல்ல மெல்ல நாற்பது நிமிடம், நடுநடுவே மேட்டில் ஏறி இறங்கி, சிறிது ஓட்டமாக. என் மகன் பள்ளியிலிருந்து வந்ததும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்சாலையில் கிளம்புவான். மே மாதக் குளிரில் போர்வை போடவில்லை. நல்ல ரோமமும் மழைக்கு ஒதுங்க இடமும் இருக்கும் பருத்த குதிரை, உடலைச் சூடாக வைத்துக்கொள்ளத் தன் கொழுப்பையே எரிக்கட்டும் என்று விட்டோம். சினைக் குதிரைக்கும் நோயுற்ற குதிரைக்கும் இவற்றில் எதுவும் பொருந்தாது.

2023 ஜூன் இரண்டாம் வாரத்தில் தராசு 104 காட்டியது. மார்பு 107 சென்டிமீட்டர். இன்சுலின் இயல்புக்கு வந்திருந்தது. கழுத்துத் திரட்சி முழுவதும் போகவில்லை. அது கடைசியாகத்தான் கரையும், சில குதிரைகளில் கரையாமலே நிற்கும் என்றார் மருத்துவர். ஆனால் முன்பு கல்லைப் போல இறுகியிருந்தது, இப்போது பிடித்து ஆட்டினால் அசைகிறது.

இப்போது மறுபடியும் செப்டம்பர். புல் கணுக்கால் உயரத்துக்கு வந்துவிட்டது, குளோவரில் முதல் பூ தெரிகிறது. பட்டன் மின்நாடாவுக்கு அருகில் நின்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது. இன்று காலை வேலியின் கம்பியில் உறைபனி இருந்ததால் புல்வெளிக்குச் செல்லும் கதவைத் திறக்கவில்லை. இன்றைய மார்பு அளவு 107. இரவுக்கான 700 கிராம் புல் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறது. ஏழு மணிக்கு எடுத்துத் தண்ணீர் வடிய மாட்ட வேண்டும்.